குதிரை ஏத்துற வண்டி

2005 பிப்ரவரியில் அண்ணன் அந்த வண்டியை வாங்கினான். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நான் அப்போது மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். ஜனவரி முழுக்க மனுதான். படகு போன மனு, வலை போன மனு, ரேஷன் கார்டு போன மனு. வரிசையில் நின்றவர்களில் ஒரே ஒருவரிடம்தான் படகுக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதை நான் மெஷினில் வைத்தபோது பின்னால் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் காகிதத்தால் அவருக்கு ஏதாவது கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே எனக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையில் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பத்து வருடம் உப்பு லாரி ஓட்டினான். பிறகு இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில் குதிரை வளர்த்த ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் டிரைவராகச் சேர்ந்தான். ஆரோவில் பக்கம் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் பல பேர் உண்டு, ஆனால் குதிரையோடு வேலை என்பது அண்ணனுக்கு மட்டும்தான். அந்த அம்மாவிடம் ஆறு குதிரைகள் இருந்தன. பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். 'ங்க' மட்டும் வராது, கலெக்டரே வந்தாலும் 'நீ'தான். குதிரைகளைக் கொண்டுபோக ஒரு பழைய மினி லாரியை வாங்கி, பின்னால் மரத்தில் சாய்வுப் பலகையும், உள்ளே மெத்தை வைத்த தடுப்பும் போட்டு வைத்திருந்தார். அவர் வாங்குவதற்கு முன்னால் அது உப்பு லோடு அடித்த லாரி.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "வண்டியை நீ வாங்கிக்கோ. என் குதிரைக்கு நீதான் வரணும். மத்த நாள் நீ எந்தக் குதிரை வேணா ஏத்திக்கோ" என்றார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை, சினிமா ஷூட்டிங்குக்குக் குதிரை என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அதுவரை சேர்த்ததையெல்லாம் கொடுத்து அண்ணன் வாங்கினான். வண்டியை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளே வைக்கோல் வாசனையும் குதிரை வியர்வையும் கலந்து அடித்தது.

"பேப்பரெல்லாம் நீ பாத்துக்கோ பாப்பா. எனக்கு அதுல ஒரு எழவும் புரியாது."

பழைய இன்சூரன்ஸ் மார்ச் கடைசியில் முடிந்தது. எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். மொபெட்டில் ரெக்சின் பையோடு வருவார். ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவரிடம் சொன்னேன்.

"குதிரை வண்டிக்கு எதுக்கும்மா இன்சூரன்ஸ்?"

"குதிரை இழுக்கிற வண்டி இல்ல சார். குதிரையை ஏத்திக்கிட்டுப் போற வண்டி."

அவர் சிரிக்காமல் பையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். அதில் 'திறந்த பாடி, சரக்கு வண்டி' என்றுதான் இருந்தது. மொபெட் சாவியால் அடியில் சேஸிஸைக் கீறினார். துரு அப்பளம் போல் உதிர்ந்தது. அண்ணன் கறுப்பு பெயின்டும் கழிவு ஆயிலும் அடித்து மூடி வைத்திருந்தான், உப்பு லாரிக்காரர்கள் எல்லோரும் செய்கிறது அதுதான்.

"ரெண்டு வழி இருக்குது" என்றார் ஏஜென்ட். "தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா, நீங்க யார் மேலயாவது மோதினா அவங்களுக்குக் கிடைக்கும். உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஃபுல் இன்சூரன்ஸ் போட்டா உங்க வண்டிக்கும் சேர்த்து. ஆனா பாடியை மாத்தியிருக்கீங்க, அது ஆர்.சி.யில ஏறலை. நாளைக்கு கிளைம்னு போனா அதை வெச்சே தள்ளிடுவான்."

அண்ணன் கேட்டான். "ஏறலைன்னு யாருக்குத் தெரியும் சார்?"

"சொல்லலைன்னா தெரியாது. ஆர்.சி.யில இருக்கிற மாதிரியே திறந்த பாடி, காய்கறி லோடுன்னு எழுதிடலாம். பாதிப் பேரு அப்படித்தான் பண்றாங்க."

"குதிரைன்னே எழுதுங்க சார்" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜனவரியில் நான் அடித்த மனுக்களில் எத்தனை, ஒரு எழுத்து மாறியதற்காகத் திரும்பி வந்தன என்று சொன்னேன். அண்ணன் தலையாட்டினான். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"உள்ள இருக்கிற குதிரைக்கு?" என்று கேட்டேன்.

"அது இதுல வராதும்மா. மாட்டுக்கு எடுக்கிற மாதிரி குதிரைக்குத் தனியா எடுக்கணும். டாக்டர் சர்டிபிகேட் வேணும். அதுவும் குதிரை யாருதோ அவங்கதான் எடுக்கணும்."

அண்ணன் என்னை டி.வி.எஸ்.ஸில் உட்காரவைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனான். அவர் லாயத்துக்கு வெளியே ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்தக் குதிரைதான் அங்கே மூத்தது. நான் டைப் அடித்து வைத்திருந்த விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குளம்பைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது செத்தா காசு வரும். அவ்வளவுதானே?"

"ஆமாம்மா."

"அந்தக் காசு எனக்கு வேண்டாம். சாகாம போய்ச் சேர ஏதாவது காகிதம் இருக்கா, அதைக் கேளு."

அதற்குப் பிறகுதான் நான் பிரேக்டவுன் கார்டைத் தேட ஆரம்பித்தேன். வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டால், ரோட்டில் வண்டி நிற்கும்போது போன் பண்ணலாம், அவர்கள் வந்து சரிபண்ணுவார்கள், முடியாவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்போது அது கார்களுக்குத்தான் பெரும்பாலும். சரக்கு வண்டிக்கும் தருகிற ஒரு சின்ன கம்பெனி மெட்ராஸில் இருப்பதாக ஏஜென்ட் விசாரித்துச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வருவார்களாம்.

ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியோடு இந்தக் கார்டா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துக் கட்ட அண்ணனால் முடியாது. ஃபுல் இன்சூரன்ஸுக்கு முதலில் பாடி மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். வண்டியின் வரைபடம் கேட்டார்கள். நானே ஸ்கேல் வைத்து வரைந்து எடுத்துப்போனேன். அது செல்லாது, பாடி கட்டுகிறவரின் சீல் வேண்டும் என்றார்கள். அந்தத் தடுப்பைச் செய்த ஆசாரி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேறொருவரைப் பிடித்து சீல் வாங்கிக் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார், காத்திருங்கள் என்றார்கள். அதற்குள் மார்ச் முடிந்தது.

கார்டின் விதிகள் நாலு பக்கம் இங்கிலீஷில் இருந்தன. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சரக்கு வண்டிகளுக்கான பத்தியில் ஒரு சொல் இருந்தது. அகராதியில் பார்த்தேன். 'சுமை ஏற்றப்படாத' என்று போட்டிருந்தது. அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணா, லோடு இல்லாத வண்டின்னு ஒரு வரி இருக்குது. குதிரை லோடா?"

அண்ணன் சிரித்தான். "குதிரை எப்படி பாப்பா லோடாகும்? அது பாசஞ்சர்."

நானும் சிரித்தேன். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு பக்கத்தையும் படித்து முடித்த பெருமையில் இருந்தேன். தேர்ட் பார்ட்டியும் கார்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

மே மாதம். கத்திரி வெயில். உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கிற காலம். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், கடைக்கு போன் வந்தது. அண்ணன்.

"பாப்பா, அந்தக் கார்டை எடுத்துக்கிட்டு உடனே வா. ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி, அளம் ஓரமா நிக்கிறோம்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி ரோட்டோரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருந்த இரும்பு துருவேறி அறுந்து, பாடி அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. டயர் தீய்ந்த நாற்றம். உள்ளே அந்த வெள்ளைக் குதிரை. முந்தின நாளிலிருந்து அதற்குக் கடுமையான வயிற்று வலி. குடல் முறுக்கியிருக்கும், வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், அதற்கு மெட்ராஸ்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் முன்னால் உட்கார்ந்து வந்திருந்தார். நான் போனபோது அவர் உள்ளே நின்று குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். குதிரை முன்னங்காலால் பலகையை உதைத்தது. உடம்பெல்லாம் வேர்வை.

இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். நிழல் என்று ஒரு மரம் கிடையாது. அண்ணனின் செல்போனில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நான் வரப்பின் மேல் ஏறி நின்று கார்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"வண்டியில லோடு இருக்கா மேடம்?"

"குதிரை இருக்குதுங்க. உடம்பு சரியில்லாத குதிரை. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

கொஞ்ச நேரம் யாரிடமோ கேட்டாள். "சாரி மேடம். காலி வண்டியைத்தான் எடுப்பாங்க. லோடை இறக்கிட்டீங்கன்னா வந்து வண்டியை எடுத்துக்குவாங்க."

"இறக்கிட்டா குதிரையை யாருங்க எடுத்துக்குவாங்க?"

"அது எங்க சர்வீஸ்ல வராது மேடம்."

நான் அகராதியில் பார்த்த சொல்லை அவள் இங்கிலீஷில் ஒருமுறை சொன்னாள். வரப்பிலிருந்து இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, உடு" என்றான். அவ்வளவுதான்.

குதிரை உள்ளேயே படுத்துவிட்டால் அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது என்று அந்த அம்மா சொன்னார். வண்டி சாய்ந்திருந்ததால் பலகை கோணலாகத்தான் இறங்கியது. அண்ணனும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டிலிருந்து குடிக்க எடுத்துவந்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். குதிரை குடிக்கவில்லை. அந்த அம்மா அதில் துணியை நனைத்துக் குதிரையின் கழுத்தில் பிழிந்தார்.

ஒரு காலி உப்பு லாரி வந்தது. ஓட்டியவர் அண்ணனுக்குப் பழக்கம்.

"டேய், இன்னாடா இது?"

"எப்பிடியாவது மெட்ராஸ் வரைக்கும் கொண்டு போய் விட்டுடுடா."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அளத்தின் கரை உயரமாக இருந்த ஒரு இடத்தில் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார். லாரித் தளமும் கரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். நடுவில் இருந்த இடைவெளியில் எங்கள் வண்டியின் சாய்வுப் பலகையைக் கழற்றி எடுத்துவந்து போட்டார்கள். எனக்கு அப்போது உண்மையாகவே நம்பிக்கை வந்தது. ஏறிவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா முன்னால் போனார். குதிரை முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்தது. அப்படியே நின்றது. அண்ணன் பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினான். அது திரும்பி அவனைப் பார்த்தது. பிறகு பின்னங்கால்கள் மடங்கின. கரை மேலேயே பக்கவாட்டில் சாய்ந்தது.

அதற்கப்புறம் அது எழவில்லை. லாரிக்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, "எனக்கு லோடு காத்திருக்குதுடா" என்று அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஸ்கூட்டரில் வந்து ஒரு ஊசி போட்டார். வலிக்குத்தான், வேறெதற்கும் இல்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். பெண்கள் உப்புக் குவியலை மூடுகிற கீற்றுகளை எடுத்துவந்து நாலு பேர் நாலு பக்கம் நின்று குதிரைக்கு நிழல் பிடித்தார்கள். கை வலித்தால் மாற்றிக்கொண்டார்கள். அந்த அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீற்றுப் பிடித்த ஒரு பெண் கேட்டாள், "ஏம்மா, உங்க ஊருலேந்து கொண்டாந்ததா?"

"இல்லை. இங்கே பிறந்தது. நான்தான் வெளியே எடுத்தேன்" என்றார் அவர்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் அது இறந்தது.

அளத்துக்கு ஓரமாகப் புதைக்கலாமா என்று கேட்டதற்கு மேஸ்திரி, பாத்தியில் ஊறிவிடும், முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடல் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருந்த ஒருவர் இடம் கொடுத்தார். டிராக்டர் வந்து கயிறு கட்டியது. அண்ணன் அதைப் பார்க்கப் பிடிக்காமல் முன்னாலேயே நடந்து போய்விட்டான். அந்த அம்மா டிராக்டருக்குப் பின்னால் நடந்தார்.

வண்டியோடு நான் மட்டும் நின்றேன். இப்போது அது காலி வண்டி. திரும்பவும் போன் பண்ணினேன். நாலு மணிக்கு வருவோம் என்றார்கள், நாலு மணிக்கு வந்தார்கள். வந்த ஆள் நல்ல ஆள். சங்கிலி மாட்டி அலுங்காமல் தூக்கினார். போகும்முன் ஒரு ஃபாரம் நீட்டினார். சர்வீஸ் திருப்தியாக இருந்ததா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. 'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆள் மேல் என்ன தப்பு?

அடுத்த வாரம் ஏஜென்டிடம் கேட்டேன். ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால்? துருப்பிடித்து உடைந்ததற்கு எந்த பாலிசியும் தராதும்மா என்றார். குதிரைக்கு எடுத்திருந்தால்? அந்த அம்மாவுக்குக் காசு வந்திருக்கும் என்றார். வேறு எதை எடுத்திருந்தால் அன்றைக்கு அந்தக் குதிரை மெட்ராஸ் போயிருக்கும்? அவர் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். "அப்படி ஒண்ணு இல்லம்மா. இருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். எனக்கு அது தேறுதலாக இல்லை. நான் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன் என்றாலாவது, சரியானது ஒன்று எங்கேயோ இருந்தது என்று ஆகியிருக்கும்.

ஜூன் கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆர்.சி. புத்தகம் வந்தது. 'குதிரை ஏற்ற மாற்றியமைக்கப்பட்ட பாடி' என்று அழகாக ஏற்றி, சீல் குத்தியிருந்தார்கள். அண்ணன் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பட்டையை மாற்றி, வண்டியை நிற்கவைத்திருந்தான். கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்றை இரண்டு முறை ஏற்றிக்கொண்டு போனான். இரண்டாவது முறை போய்விட்டு வந்து, வழி நெடுக நிறுத்தி நிறுத்தி இறங்கி அடியில் பார்த்துக்கொண்டே போனதாகச் சொன்னான். மூன்றாவது முறை கேட்டு வந்தவர்களிடம் வண்டி ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அந்த வருட மழையில் வண்டி வீட்டு முன்னால் அச்சு வரைக்கும் தண்ணீரில் நின்றது.

அந்த அம்மா மீதி ஐந்து குதிரைகளையும் மலைப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டார். கொண்டுபோக வேறு வண்டி வந்தது. 2006 ஜனவரியில் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். ஊருக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னார். நான், "அம்மா, அந்தக் கார்டு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ படிச்சே. நான் படிக்கவே இல்லை. விடு" என்றார்.

ஜெராக்ஸை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அதன் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

மார்ச்சில் ஏஜென்ட் ரென்யூவலுக்கு வீட்டுக்கே வந்தார். "இப்ப ஆர்.சி. சரியா இருக்குது. இந்த வருஷம் தைரியமா ஃபுல் போடலாம்" என்றார்.

அண்ணன் கேட்டான். "எதுக்கு சார்? அதுல ஏத்துறதுக்கு இன்னா இருக்குது?"

ஏஜென்ட் டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஏப்ரலில் மீனுக்கு ஐஸ் கட்டி லோடு அடிக்கிற ஒருவர் வண்டியை வாங்கினார். வாங்கிய அன்றே எங்கள் வீட்டு முன்னால் வைத்தே மெத்தைத் தடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டார்கள். அண்ணனும் ஒரு கை கொடுத்தான். பெயர்த்த பலகையை எங்கள் அம்மா அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் பழையபடி உப்பு லாரிக்குப் போனான். அந்தக் கரையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன், "அந்த இடத்தைத் தாண்டும்போது பாப்பியா அண்ணா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பாக்கிறதுக்கு இன்னா இருக்குது பாப்பா? உப்புதான்."

குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.